வால்வின் கைப்பிடி பூஜையில் இருந்த நாள்

சென்ற மாதம் பழைய கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் போன் செய்தார். இப்போது அங்கே ஒவ்வொரு தொட்டிக்கும் சென்சார் வைத்துவிட்டார்களாம். ஒரு சொட்டு கசிந்தாலும் கைப்பேசியில் மணி அடிக்குமாம். "உங்க காலத்துல லீக் ஆனா எப்படி சார் கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்டார்.

"என் மூஞ்சியப் பார்த்து" என்றேன்.

சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார் பாவம். நான் குக்கரின் மூன்றாவது விசிலுக்கே எழுந்து நிற்கிற ஆசாமி. அப்படிப்பட்டவனிடம்தான், அமிலமும் குரோமியமும் வாசல் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இருபத்துச் சொச்சம் வருடம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஐம்பத்தைந்தில் நானாக ஓய்வு வாங்கிக்கொண்டேன். கம்பெனி அழவில்லை. என் ரத்த அழுத்தம் மட்டும் ஆனந்தக் கூத்தாடியது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் படிக்கக் கொடுக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார் அந்த இளைஞர். சென்சாரிடம் கேட்டால் கிடைக்காத ஒன்றை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு முலாம் பூசும் கம்பெனியில் சேர்ந்தேன். தண்ணீர்க் குழாய்கள், கதவுக் கைப்பிடிகள், சைக்கிள் பாகங்கள் எல்லாம் மங்கலாக உள்ளே வந்து, முகம் பார்க்கும்படி பளபளவென்று வெளியே போகும். நான் வேதியியல் பட்டதாரி, இரண்டாம் வகுப்பு. ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. மந்தைவெளியிலிருந்து ஸ்கூட்டரில் போய், கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, மாலையில் திரும்பிவிடுவேன். நிம்மதியான வாழ்க்கை.

ஒருநாள், சுற்றுச்சூழல் விஷயங்களுக்குப் பொறுப்பாக ஓர் ஆளை நியமிக்க வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. தொழிற்சாலை மேலாளர் வைதேகி மேடம் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். மற்றவர்கள் எல்லோரும் அந்த நொடியில் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மேடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை கிடைத்தது அப்படித்தான். பிறகு இரண்டு வாரம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

மேடம் மயிலாப்பூர்க்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். பருத்திப் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், காலில் ரப்பர் செருப்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அப்போது நாம் குனிந்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். திட்டு வாங்குவதற்குக் குனிந்து நிற்கும் நிலைமை வேறு எந்தக் கம்பெனியிலும் இருந்திருக்காது.

முதல் வேலையாக ஒரு பக்கெட் தண்ணீரும், வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலமும் கொண்டுவரச் சொன்னார். தரையில் இருக்கும் ஒவ்வொரு துவாரத்திலும் நீலத் தண்ணீரை ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டு அது எங்கே போய் வெளிப்படுகிறது என்று ஓடிப் பார்க்க வேண்டும்.

"மேடம், வரைபடம் இருக்கே" என்றேன்.

"வரைபடத்துல தண்ணி ஓடாது. நீங்க ஓடுங்கோ."

மூன்று நாள் ஓடினேன். தொழிற்பேட்டைச் சாலையில், வடிகால் ஓரமாக, குனிந்தபடியே ஓடும் என்னைப் பார்த்து டீக்கடைக்காரர் கேட்டார்: "இன்னா சார், தண்ணிய தொரத்திக்கினு ஓடறே? அது எங்க போனா உனுக்கு இன்னா?"

அது எங்கே போனால் எனக்கென்ன என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று எப்படி விளக்குவது? "சும்மா, உடம்பு இளைக்க" என்றேன். நம்பிவிட்டார்.

குரோமியக் கரைசல் இருந்த பெரிய தொட்டியைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஒரு சுவர் உண்டு. தொட்டி கசிந்தால் கரைசல் அந்தச் சுவருக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. சுவரின் அடியில், கழுவிய தண்ணீரை வெளியேற்ற ஒரு துவாரம். வரைபடத்தின்படி அது எங்கள் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போக வேண்டும். நீலத் தண்ணீரோ சாவதானமாக வாசல் கேட் அருகில் இருந்த குழிக்கு வந்தது. அந்தக் குழியின் மறுபக்கக் குழாய் வழியாகச் சாலையோர மழைநீர் வடிகாலில் இறங்கியது. அங்கிருந்து அடையாற்றுக்கு ஒரே நேர்வழி.

ஓடிப்போய்ச் சொன்னேன். மேடம் குரலை இறக்கி, "இத்தனை வருஷமாவா?" என்றார். அவ்வளவுதான். அந்த வாரமே துவாரத்தில் ஒரு வால்வு பொருத்தினோம்.

வால்வுக்கு ஒரு விதி போட்டேன். நானே யோசித்துப் போட்டது, அதனால் பெருமை. அதன் கைப்பிடி தனியாகக் கழன்று வரும், சாவி மாதிரி. சுவருக்குள் தண்ணீர் சேர்ந்தால் லிட்மஸ் தாளில் சோதித்து, கைப்பிடியை மாட்டித் திறந்து, வடிந்ததும் மூடி, கைப்பிடியைக் கழற்றி என் மேஜை இழுப்பறையில் பூட்ட வேண்டும். வால்வில் கைப்பிடி இல்லையென்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். தினமும் பதினொரு மணிக்கு நான் போய், தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்து, 'வால்வு மூடியுள்ளது' என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன். இரண்டு வருடம் அழகாக நடந்தது.

அந்த இரண்டு வருடத்தில் என் பெயரைக் கெடுத்த சம்பவம் ஒன்றும் உண்டு. ஓர் ஆயுத பூஜையன்று கேட் அருகே தரையில் செக்கச் செவேல் என்று ஏதோ தேங்கியிருப்பதைப் பார்த்து, விசில் ஊதி, மெயினை அணைக்கச் சொல்லி, எல்லோரையும் வெளியேற்றினேன். அது ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர். கரைத்தது பேக்கிங் பிரிவின் செல்வி. "சார், நான்தான் சார் ஊத்துனேன். கற்பூரம்கூட இன்னும் எரியுது பாருங்க" என்றாள். அன்றிலிருந்து எனக்கு ஆரத்தி சார் என்று பெயர். முன்னால் சொல்ல மாட்டார்கள். நான் காது கேட்கும் தூரத்தைத் தாண்டும் முன்பே சொல்லிவிடுவார்கள்.

அடுத்த வருட ஆயுத பூஜைக்கு வருவோம்.

அந்த ஆண்டு கம்பெனி ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன் கழுவுதண்ணீர் வழிந்து சாலைக்குப் போனதற்காக வாரியம் நோட்டீஸ் கொடுத்திருந்தது. இன்னொரு முறை நடந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிடுவார்கள். மின்சாரம் இல்லாமல் முலாம் கிடையாது. நாற்பத்தாறு பேருக்கு வேலை கிடையாது. மேடம் அந்த நோட்டீஸை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். டிபன் பாக்ஸைத் திறந்தால் தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் அதுதான் தெரியும்.

பூஜையன்று காலையில் தரை முழுக்கக் கழுவினார்கள். சுவருக்குள் தேங்கிய கழுவுதண்ணீரைச் சோதித்தேன், சுத்தமாக இருந்தது. முலாம் பிரிவின் மூத்த தொழிலாளி ஏகாம்பரத்திடம் கைப்பிடியைக் கொடுத்து வடிக்கச் சொன்னேன். சைதாப்பேட்டைக்காரர், கைவேலையில் கில்லாடி. திறந்தார். வடிந்துகொண்டிருக்கும்போதே, கைப்பிடி துருப்பிடித்திருப்பது அவர் கண்ணில் பட்டது. பூஜை நாளில் ஒரு கருவி துருவோடு இருக்கலாமா? கழற்றிக்கொண்டு போய்த் தேய்த்துப் பளபளப்பாக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, ஸ்பேனர்களோடு சேர்த்துச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டார்.

பதினொரு மணிக்கு நான் எட்டிப் பார்த்தேன். வால்வில் கைப்பிடி இல்லை. 'வால்வு மூடியுள்ளது.' கையெழுத்து. அன்று கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக வேறு விழுந்தது.

நான் போட்ட விதியில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிருந்தது. அந்தக் கைப்பிடி வால்வு மூடியிருந்தாலும் கழன்று வரும். திறந்திருந்தாலும் கழன்று வரும்.

பிறகு யாரோ மாவிலைத் தோரணம் கட்ட ஏறியபோது, தொட்டியின் அடியில் இருந்த குழாயில் கால் வைத்திருக்கிறார்கள். இணைப்பு நெகிழ்ந்துவிட்டது. விரல் தடிமனில் குரோமியக் கரைசல் இறங்க ஆரம்பித்தது. யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் சுண்டல் வரிசையில் நின்றோம்.

பூஜை முடிந்தது. மேடம் தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தி.நகர் அலுவலகத்துப் பூஜைக்குக் கிளம்பிப் போனார். கேட் அருகில், குழிக்குப் பக்கத்தில், செல்வி ஆரத்தி கொட்டினாள். என்னைப் பார்த்து, "சார், இது ஆரத்தி. முன்னாடியே சொல்லிட்டேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏகாம்பரம் திருஷ்டிப் பூசணிக்காயைக் கையில் ஏந்தி, அதன் மேல் கற்பூரம் கொளுத்தி, கேட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் அது சாலையில் சிதற வேண்டியது.

நான் சும்மா ஆரத்தித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்பு. நல்ல சிவப்பு. உள்ளேயிருந்து வரும் வாய்க்கால் பக்கமாக, அந்தச் சிவப்பின் ஓரம் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது.

இரண்டாம் வகுப்பானாலும் வேதியியல் வேதியியல்தான். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும். அமிலம் பட்டால் சிவந்தது மறுபடி மஞ்சளாகும். ஆரத்தி தானாக மஞ்சளாகாது. உள்ளேயிருந்து அமிலம் வருகிறது.

விசிலை எடுத்து ஊதினேன். வாயில் ஈரமே இல்லை. காற்று மட்டும் வந்தது. "குரோமியம்! குரோமியம்!" என்று கத்தினேன்.

"சார், ஆரத்தி சார்" என்றார்கள் நாலு பேர் ஒரே குரலில்.

அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்ததாக இந்த இடத்தில் எழுதலாம். சாட்சிகள் இன்னும் உயிரோடு இருப்பதால் முடியாது. குழியின் மறுபக்கக் குழாய் வாய், சாப்பாட்டுத் தட்டு அகலம். அதை அடைக்க வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு விசில். ஏகாம்பரம் கையில் இருந்தது பூசணிக்காய். பிடுங்கினேன். கற்பூரத்தை ஊதி அணைத்துவிட்டு, குழிக்குள் குதித்து, குழாய் வாயில் அதை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது.

"யோவ் சார்! இன்னா பண்றே? திருஷ்டிக்கு வெச்சதுய்யா அது!" என்று அலறினார் ஏகாம்பரம்.

"இதவிடப் பெரிய திருஷ்டி எங்கய்யா இருக்கு? உள்ள போய்ப் பாரு, தொட்டி ஒழுகுது!"

ஓடினார். ஒரு நிமிடத்தில் அங்கிருந்து வந்த சத்தம் எனக்கு இன்றைக்கும் ஆறுதல். "மெய்யாவே ஒழுகுது சார்!"

நான் சொன்னது ஒருமுறையாவது மெய்யாகிவிட்டது என்ற அற்ப சந்தோஷம் அந்தக் குழிக்குள்ளும் எனக்கு வந்தது.

தண்ணீர் என் முழங்காலுக்கு ஏறியது. மேலே ஒரு மூட்டை பொரி இருந்தது. "அந்தப் பொரிய கொட்டுங்க, உறிஞ்சிக்கும்!" என்று கூவினேன். செல்வி மூட்டையைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை.

"மரத்தூள் போட்டா தீப்பிடிக்கும்னு மேடம் சொன்னாங்களே சார். பொரி மட்டும் இரும்பா?"

சரியாகச் சொன்னாள். குரோமியக் கரைசல் மரத்தூள், துணி, தவிடு போன்றவற்றோடு சேர்ந்தால் சூடேறி எரியக்கூடும். மணல்தான் போட வேண்டும். இந்தப் பாடத்தை அவர்களுக்கு நடத்தியவர் யார் என்று கேட்காதீர்கள். மேடம் சொல்ல, வகுப்பெடுத்தது நான்தான். செல்வியும் மற்றவர்களும் தீயணைப்பு வாளிகளில் இருந்த மணலைப் பூசணிக்காயைச் சுற்றிக் கொட்டினார்கள். பிறகு என்னைக் கையைப் பிடித்துத் தூக்கிக் குழாயடியில் நிறுத்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கையுறை, ரப்பர் பூட்ஸ் எதுவும் இல்லாமல் நான் குதித்திருந்தேன். வகுப்பில் அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

குழி நிரம்புவதற்குள் வால்வை மூட வேண்டும். இணைப்பை முறுக்க வேண்டும். கைப்பிடி பூஜையில். ஸ்பேனர்களும் பூஜையில். ஏகாம்பரம் சாமி படத்தின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "பூஜையில வெச்சத நாளைக்கு மறுபூஜ பண்ணிட்டுதான் தொடணும் சார். முப்பது வருஷமா நான் தொட்டதில்ல. நீ வேணா எடு, பாவம் உனுக்கு."

எடுத்திருப்பேன். ஆனால் முறுக்கத் தெரிந்தவர் அவர்தான். தி.நகருக்குப் போன் போட்டேன். மேடம் லைனில் வந்தார்.

"மேடம் குரோமியம் வால்வு ஆரத்தி பூசணிக்காய்" என்றேன். முழு விவரமும் அதில் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றியது.

"மூச்சு விடுங்கோ. வெளியே போறதா?"

"இல்ல. அடைச்சிருக்கேன்."

"வால்வை மூடினேளா?"

"கைப்பிடி சாமிகிட்ட இருக்கு மேடம். ஏகாம்பரம் தொட மாட்டேங்கிறார்."

"அவர்கிட்ட குடுங்கோ."

ஏகாம்பரம் ரிசீவரைக் காதில் வைத்து நன்றாகக் குனிந்தார். மேடம் குரலை இறக்கிவிட்டார் என்று புரிந்தது. "சரிம்மா... ஆமாம்மா... இப்பவேவாம்மா? ஆவட்டும்மா." போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "மறுபூஜைய இப்பவே பண்ணிட சொல்ட்டாங்கோ. பூ மாத்தி, சூடம் காட்டி, எடுத்துக்கலாமாம். அவங்க வூட்லயும் அவசரம்னா அப்டிதானாம்."

உலகத்திலேயே வேகமான மறுபூஜை அதுவாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு ஏகாம்பரத்தைப் பார்க்க வேண்டுமே. கையுறை மாட்டி, கைப்பிடியைச் செருகி, ஒரே திருகில் வால்வை மூடினார். மண்டியிட்டு இணைப்பை முறுக்கினார். ஒழுகல் நூலாகி, சொட்டாகி, நின்றது. சந்தனப் பொட்டு வைத்த ஸ்பேனரைத் துடைத்து மறுபடி சாமியிடமே வைத்தார்.

மேடம் ஆட்டோவில் வந்து சேர்ந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடிப் பாட்டில்கள் மூன்றை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே வடிகால் ஓரம் நடந்தார். கேட்டுக்கு வெளியே எடுத்த முதல் பாட்டிலில் லேசான மஞ்சள். இருபது அடி தள்ளி, தெளிவு. அதற்கப்பால், தெளிவு. அந்த இருபது அடிக்கு மணல் மூட்டை அடுக்கி, தண்ணீரைச் சுரண்டி எடுத்துச் சுத்திகரிப்புத் தொட்டிக்குக் கொண்டுபோனோம். குழித் தண்ணீரையும் இறைத்தோம். மருந்து போட்டதும் மஞ்சள் பச்சையானது, சுண்ணாம்பு போட்டதும் பச்சை அடியில் படிந்தது. அப்போதுதான் என் முகத்துக்கு நிறம் வந்ததாகச் செல்வி சொன்னாள்.

மேடம் பதிவேட்டைத் திறந்தார். பதினொரு மணி, வால்வு மூடியுள்ளது, என் அழகான கையெழுத்து.

"மேடம், இந்தப் பக்கத்த மட்டும்..." என்று ஆரம்பித்தேன்.

"இந்தக் கையெழுத்து உங்களோடதுதானே?"

குனிந்துதான் கேட்டேன்.

"அடிக்காதேங்கோ. கிழிக்காதேங்கோ. அதுக்குக் கீழே, பார்க்காம எழுதினேன்னு எழுதுங்கோ. நடந்தது எல்லாத்தையும் எழுதுங்கோ. நாளன்னிக்கு வாரியத்துக்கு நாமே அனுப்பறோம்."

"கரண்ட்ட கட் பண்ணிடுவாங்க மேடம். நாற்பத்தாறு பேர்."

"தெரியும். நான் அவா கிட்டயெல்லாம் சொல்லிட்டுதான் உங்ககிட்ட வந்தேன்."

திரும்பிப் பார்த்தேன். ஏகாம்பரமும் செல்வியும் மற்றவர்களும் பொரிப் பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் பிரிக்கவில்லை. எழுதினேன். என் கையெழுத்துக்கு மேலே மேடம் தன் கையெழுத்தைப் போட்டார்.

கடிதம் போன இரண்டாம் நாள் வாரியத்து அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், சிரிக்காத முகம். எங்கள் அறிக்கையை நின்றபடியே படித்தார். ஓர் இடத்தில் நின்று, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"'வெளியேறும் குழாயை அடைக்கப் பயன்படுத்திய பொருள்: பூசணிக்காய் ஒன்று.' பூசணிக்காயா?"

"ஆமா சார். வெள்ளைப் பூசணி" என்றேன், சந்தேகம் இருக்கக் கூடாதென்று.

"எங்கே அது?"

அபாயக் கழிவு என்று எழுதி ஒட்டிய பீப்பாயைத் திறந்து காட்டினேன். மஞ்சள் ஏறி, மணல் ஒட்டி, நெற்றியில் குங்குமத்தோடு கிடந்தது. பின்னாலிருந்து ஏகாம்பரம், "உடைக்கவேயில்ல சார். திருஷ்டி அப்டியே கீது" என்று முறையிட்டார்.

"ரோட்டுல உடைச்சீங்கன்னா இன்னொரு நோட்டீஸ் தருவேன்" என்றார் அதிகாரி. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

வால்வைப் பார்த்தார். கைப்பிடியை மாட்டினார், கழற்றினார், திறந்து வைத்துக் கழற்றினார். என்னைப் பார்த்தார். "இது யார் யோசனை?"

"என்னுதுதான் சார்."

"அறிக்கைய எழுதினது?"

"அதுவும் நான்தான்."

"இந்தப் பேட்டையில எந்தக் கம்பெனில எது வழிஞ்சாலும், வால்வு மூடியிருந்ததுன்னுதான் எழுதறாங்க. படிச்சுப் படிச்சு அலுத்துப்போச்சு." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த ஓட்டைய இப்பவே, என் கண் முன்னால அடைங்க. இனிமே சுவருக்குள்ள சேர்ற தண்ணிய பம்ப் வெச்சுத்தான் எடுக்கணும். அடைச்சு முடிச்சா நான் ஒரு மாதிரி எழுதறேன். முடிக்கலைன்னா வேற மாதிரி."

ஏகாம்பரம் சிமெண்ட் கலந்தார். நான் சட்டியை ஏந்திக்கொண்டு நின்றேன். வால்வைப் பெயர்த்து எடுத்து, துவாரத்தை நிரப்பி, மேலே பூசி, மட்டம் பார்த்தார். அதிகாரி குனிந்து விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து நிதானமாக நாலு வரி எழுதி, மேடத்திடம் நீட்டினார். மேடம் படித்துவிட்டு, ஏகாம்பரத்தைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

பூஜையிலிருந்து அணைத்தே வைத்திருந்த மெயினை ஏகாம்பரம் ஓடிப்போய்ப் போட்டார். முலாம் தொட்டிக்கு மின்சாரம் தரும் பெட்டி ம்ம்ம் என்று உறுமியது. முதல் வரிசைக் குழாய்கள் தொட்டிக்குள் இறங்கின. யாரோ விசிலடித்தார்கள். என்னுடையது அல்ல, என் விசில் அப்போதும் வேலை செய்திருக்காது.

நான் நேராகக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் அழுதேன். வெளியே வந்தபோது செல்வி நின்றிருந்தாள். "இன்னா சார் ஆச்சு?" என்றாள். வயிற்று வலி என்றேன். ஒரு டம்ளர் ஓமத் தண்ணீர் கொண்டுவந்து, நான் முழுவதும் குடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். காரமாக, கசப்பாக, பயங்கரமாக இருந்தது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.